இது என்னுடையது

செங்கம்மாளுக்கு அன்று காலை ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. அதைப் பார்த்ததும் கைப்பேசிச் செயலி மஞ்சள் நிறத்தில் ஒரு பூவைக் காட்டி, உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தது. அதில் தவறொன்றும் இல்லை. பல வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு அப்படித்தான் இருக்கும். செங்கம்மாள் என்று ஒருத்தி இல்லவே இல்லை என்பதுதான் ஹேமாவதிக்கு எங்கேயோ இடித்தது.

செங்கம்மாளை உண்டாக்கியவளே ஹேமாவதிதான். டாக்டர், மாத்திரை, ஸ்கேன், ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் ஒரே செயலிக்குள் அடைத்துவிட வேண்டும் என்று கிளம்பிய கம்பெனியில் அவளுக்கு வேலை. பயன்படுத்தப்போகிற பெண்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துவந்து, செயலி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நிறையப் பேரைப் பார்த்துப் பேசி, அத்தனை பேரையும் பிசைந்து ஒரே ஆளாக உருட்டி, பெயர் வைத்து, கம்ப்யூட்டர் செய்துகொடுத்த ஒரு முகத்தையும் ஒட்டி, இவளுக்காகத்தான் எல்லாம் என்று சுவரில் மாட்டிவிடுவார்கள். கூட்டம் நடக்கும்போது அவளுக்கென்று ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும். முடிவெடுக்கத் தெரியாமல் விழிக்கும்போது அந்த நாற்காலியைப் பார்த்து, செங்கம்மா இன்னா சொல்வாங்க என்று கேட்டுக்கொள்வார்கள். கேட்ட கையோடு பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். படித்தவர்களின் விளையாட்டு, வேறென்ன.

ஹேமாவதி முதலில் ஸ்டீவனைத்தான் சந்தேகப்பட்டாள். செயலியின் உள்வேலையெல்லாம் எழுதுகிறவன் அவன். சென்னையில் உட்கார்ந்துகொண்டு எல்லோர் காதிலும் பூ சுற்றுகிறவன். போன் போட்டுக் கேட்டபோது அவன் சத்தியம் செய்தான். பதிவு மாதிரி வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது, அங்கே இருக்கிற பிரஷர் கருவியில் யாரோ கையை நுழைத்திருக்கிறார்கள் என்றான். அவன் குரலில் சிரிப்பு இல்லை.

மாதிரி வீடு கும்மிடிப்பூண்டியில், சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அதுவும் ஹேமாவதியின் யோசனைதான். ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தால் எந்தப் பெண்ணும் எல்லாம் சூப்பர் மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அடுப்பில் குக்கர் கத்தும்போது, ஈரக்கையோடு போனைத் தள்ளும்போதுதான் எது புரிகிறது, எது புரியவில்லை என்பது தெரியும். அதனால் கம்பெனி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு ஹால், ஒரு சமையலறை, பிளாஸ்டிக் குடம், டிவி, பாய், மாத்திரை டப்பா என்று பேக்கிங் வேலைக்குப் போகிற செங்கம்மாள் குடியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே நிரப்பிவைத்தது. ஷெல்ஃபில் அவள் பெயரில் கணக்குத் திறந்த ஒரு போன். ஷிப்ட் முடிந்த பெண்கள் பகலில் வந்து அங்கே புழங்கிவிட்டுப் போவார்கள். இரும்பு உருக்கும் ஆலைகளிலிருந்து வரும் கரித்தூள் ஜன்னல் கம்பியில் தினமும் படியும். வீட்டைப் பார்த்துக்கொள்ள அமர்த்தியிருந்த பானு தினமும் துடைப்பாள். ஹேமாவதியைத் தவிர, சந்திலேயே குடியிருந்த பானுவிடம்தான் வீட்டின் சாவி இருந்தது.

சந்தேகம் பானு மேல் திரும்பியபின் ஹேமாவதியின் கண்ணுக்கு எல்லாமே தட்டுப்பட ஆரம்பித்தது. காட்சிக்கு வைத்திருந்த சீப்பில் நீளமான முடி சுருண்டிருந்தது. சோப்பு நனைந்திருந்தது. காலையில் முதல் ஆளாக இவள்தான் கதவைத் திறந்தாள், ஆனால் அடுப்பின் மேல் கை வைத்தால் சுட்டது. ஆள் இல்லாத வீட்டுக்கு ஒரு வாசம் உண்டு, பூட்டிய துணிப்பெட்டியைத் திறந்தால் வருமே, அது இங்கே வரவில்லை. வியர்வையும் தேங்காயெண்ணெயும் முந்தைய நாள் சாம்பாரும் கலந்து, யாரோ இப்போதுதான் எழுந்து உள்ளறைக்குப் போன மாதிரி ஒரு வாசம் கதகதவென்று நின்றது. பானு இரவில் வந்து படுத்துக்கொள்கிறாள் என்று ஹேமாவதி முடிவுகட்டினாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள்.

அவளுக்கு வாயைத் திறக்காமல் இருப்பது பழகிய காரியம். ஐந்து மாதம் முடிந்து ஆறாவது நடந்துகொண்டிருந்தது; கணவன் அருண்பாண்டியனையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. முன்னால் இரண்டு தடவை உண்டாகி இரண்டும் கலைந்துவிட்டன. இரண்டு தடவையும் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டு, பிறகு ஒவ்வொருவரிடமாக இல்லை என்று சொல்லவேண்டி வந்தது. இந்தத் தடவை யார் கண்ணிலும் படக்கூடாது என்று தொளதொளவென்ற சுடிதாரும் விரித்துப்போட்ட துப்பட்டாவுமாக நடமாடினாள். சாப்பிட்டு முடித்ததும் வலது விலாவுக்குக் கீழே குழந்தை ஒரு உதை விடும். அந்த உதைக்காகவே அவள் நேரத்துக்குச் சாப்பிட்டாள்.

செங்கம்மாளிடம் அவளுக்கு ஒரு சின்னக் குறுகுறுப்பு உண்டு. போன வருடம் அந்தப் பாத்திரத்தைச் செய்தபோது, எல்லாம் இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை, இவளுக்கு அப்படி என்னதான் வேண்டும் என்று மேலதிகாரி கேட்டார். ஹேமாவதி யோசித்து, தன் துக்கத்தை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு தடவை கலைந்தது, கூடவே கற்பனையாகப் புருஷன் விட்டுப் போனது, தனக்கென்று ஒரு பிள்ளை வேண்டும் என்பது. அவள் சொல்லி முடித்தாள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் செயலியில் கர்ப்பிணிகளுக்கென்று தனிப் பகுதி வைக்க முடிவாயிற்று. எல்லோரும் வெறும் நாற்காலியைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அந்த வாரம் செங்கம்மாள் மருந்து வாங்கினாள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, மாதிரி வீட்டு முகவரிக்கு. சோதனைக்காகக்கூட யாரும் போடாத ஆர்டர். ஹேமாவதி டெலிவரிக்காரனைத் தேடிப்பிடித்துப் போனில் கேட்டாள். வீட்டில் ஒரு அம்மா கதவைத் திறந்து வாங்கிக்கொண்டதாக அவன் சொன்னான். எப்படி இருந்தாள் என்றதற்கு, மூஞ்சியைச் சரியாகப் பார்க்கவில்லை, உள்ளே இருட்டு என்றான். பிறகு நினைவு வந்தவனாகச் சொன்னான்.

"வயித்துப்புள்ளக்காரி மேடம். வயித்தப் புட்சிக்கினுதான் நின்னுச்சு."

பானுவுக்குக் கல்லூரிக்குப் போகிற மகன் இருந்தான். அவளுக்கு வயிறும் இல்லை. அப்படியென்றால் பானு வீட்டை வேறு யாருக்கோ உள்வாடகைக்கு விட்டிருக்கிறாள். ஹேமாவதிக்கு இந்த விளக்கம் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால் நம்பினாள்.

மறுநாள் மத்தியானம் அவளுடைய போனில் ஒரு செய்தி வந்தது. ‘உங்கள் ஸ்கேன் அறிக்கையைச் செங்கம்மாள் எடுத்துக்கொண்டார்.’

இதற்கும் வழிவிட்டவள் அவளேதான். அவள் பார்த்த பெண்களில் முக்கால்வாசிப் பேர், ஊட்டுக்கே ஒரு போன்தான் மேடம் என்றார்கள். ஆகவே ஒரு எண், ஒரு குடும்பம் என்று வைத்தாள். அம்மாவின் ரிப்போர்ட் மகள் பெயரில் விழுந்துவிடுகிறது என்றார்கள். அதற்கு ‘இது என்னுடையது’ என்று ஒரு பொத்தான் வைத்தாள். உரியவர் அதை அழுத்தினால் அறிக்கை அவர் பக்கத்துக்குப் போய்விடும். நிச்சயமா, நிச்சயமா என்று திரும்பத் திரும்பக் கேட்டால் பேஜாராக இருக்கிறது என்றார்கள். கேட்பதையும் எடுத்துவிட்டாள். செங்கம்மாளின் சோதனைக் கணக்கைத் திறக்க ஒரு போன் எண் தேவைப்பட்டபோது, தன் எண்ணையே கொடுத்திருந்தாள். இந்த வேலையில் எல்லோரும் செய்வதுதான். பிறகு கர்ப்பம் தரித்தபோது தன் விவரங்களையும் அதே எண்ணில் பதிந்தாள். செயலியின் கணக்குப்படி அவளும் செங்கம்மாளும் ஒரே வீட்டுக்காரர்கள்.

ஹேமாவதி பொத்தானை அழுத்தி ஸ்கேனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். போனைக் கீழே வைப்பதற்குள் அது மறுபடியும் போயிற்று. மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் போயிற்று. அந்தப் பக்கம் யாரோ விரலை எடுக்காமல் காத்திருக்கிறார்கள். பிறகு ரத்தப் பரிசோதனை போயிற்று, எடை போயிற்று, பிரசவத் தேதி போயிற்று. வெறும் எழுத்துகள்தானே என்று சொல்லிக்கொண்டாள், ஆனால் கை தானாக வயிற்றைப் பொத்திக்கொண்டது.

அன்று அவள் பானுவிடம் நேரடியாகவே கேட்டாள். யாரை உள்ளே விட்டாய், எவ்வளவு வாங்கினாய், என் விஷயத்தை யாரிடம் சொன்னாய் என்று அடுக்கினாள். பானு கோபப்படவில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"அந்த ஊட்ல நான் ஒருவாய் தண்ணி குடிச்சதில்ல மேடம். விளக்கு வெக்கிற நேரத்துக்கு மேல உள்ள நிக்கறதும் இல்ல. நீங்கதான் டெய்லி அந்தம்மாவ உக்கார வெச்சி, உனக்கு இன்னா வேணும், இன்னா வேணும்னு கேக்குறீங்க. கேட்டுக்கினே இருந்தா ஒருநா சொல்லத்தான செய்யும்."

ஹேமாவதி அந்தச் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பானு படியிறங்கிப் போனபின்தான், உங்கள் விஷயம் என்ன என்று அவள் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. தெரிந்து வைத்திருக்கிறாள், எல்லாம் நடிப்பு என்று மனம் கறுவியது. அந்தக் கறுவலில் கொஞ்சம் தைரியம் இருந்தது.

ஸ்டீவனிடம் செங்கம்மாளின் கணக்கை அடியோடு அழித்துவிடச் சொன்னாள். அடுத்த நாள் மாலை அவன் கூப்பிட்டான். முதலில் தயங்கித் தயங்கி வாழ்த்துச் சொன்னான். ஸ்கேனை அவன் பார்த்துவிட்டான். இந்தக் குழந்தைக்குக் கிடைத்த முதல் வாழ்த்து அது. ஹேமாவதிக்கு அது பிடிக்கவில்லை.

"அழிக்கத்தான் போனேன் மேடம். ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர், ஒரே பிளட் குரூப், ஒரே ஸ்கேன். ரெண்டும் ஒரே ஆள்னு சிஸ்டமே எடுத்துக்கினு ஒண்ணாக்கிடுச்சு. எதுல ரெக்கார்டு ஜாஸ்தியோ அத வெச்சிக்கினு இன்னொண்ணத் தூக்கிடுச்சு."

எதை வைத்துக்கொண்டது என்று அவள் கேட்டாள். செங்கம்மாவை என்றான். மாதிரி வீட்டு ஷெல்ஃபில் இருக்கும் போனில் யாராவது கைவைத்து அவள் கணக்கிலிருந்து வெளியேறினால்தான் இரண்டையும் பிரித்துத் தர முடியும் என்றும் சொன்னான்.

பானு இனி அந்த வாசற்படி ஏறமாட்டாள். அருண்பாண்டியன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலையில் இருந்தான். அவனை நேராக மாதிரி வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிவிட்டு, அவள் ஒரு ஆட்டோ பிடித்தாள். மழை பிடித்துக்கொண்டது. தேர்வாய் கண்டிகையிலிருந்து ஆள் ஏற்றிவந்த கம்பெனி வேன்கள் சேற்றை வாரியடித்துக்கொண்டு எதிரே போயின. ஈர இரும்பின் வாடையும் டீசல் புகையும் ஆட்டோவுக்குள் வந்து தங்கின. ஆலைப்பக்கம் வானம் சிவந்திருந்தது. ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டவளுக்கு ஒன்று உறைத்தது.

மத்தியானம் சாப்பிட்டாள். சாப்பிட்டபின் உதை வரவில்லை.

ஆட்டோவை நிறுத்தி, பெட்டிக்கடையில் ஒரு மாம்பழ ஜூஸ் வாங்கிக் குடித்தாள். தித்திப்பு உள்ளே இறங்கினால் அசையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னாள். ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. சிக்னலுக்கு நின்ற கூட்ஸ் வண்டி இருபக்கமும் முடிவில்லாமல் நீண்டிருந்தது. பின்னால் லாரிகள் வந்து அடைத்துக்கொண்டன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது என்று ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்தார். இடது பக்கமாகப் படுத்துப் பாரம்மா என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். மாதிரி வீட்டுச் சந்து பக்கத்தில்தான் இருந்தது. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் இறங்கி நடந்தாள்.

சாவி போட்டதும் பூட்டு திறந்தது. உள்ளே பூண்டு வதக்கிய வாசம் கமகமவென்று நின்றது. பிள்ளை பெற்றவள் வீட்டில் வரும் வாசம். பானு, என்று கூப்பிட்டுப் பார்த்தாள். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது, தூரத்தில் கூட்ஸ் வண்டி ஒருமுறை இழுத்து நின்றது. ஸ்விட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்து, சற்று நேரத்தில் தெருவோடு சேர்ந்து அணைந்தது.

இருட்டில் பாயைத் தடவி எடுத்து விரித்தாள். இடது பக்கமாகப் படுத்தாள். வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். கண்ணே, ஒரே ஒரு தடவை என்று வாய்விட்டுக் கெஞ்சினாள். வயிறு அவளுடையதாகவே இல்லை. உள்ளே ஒரு கனம் மட்டும் இருந்தது.

ஷெல்ஃபில் இருந்த போன் தானாக ஒளிர்ந்தது.

எழுந்துபோய்ப் பார்த்தாள். அசைவுகளை எண்ணும் பக்கம் திறந்திருந்தது. குழந்தை உதைக்கும்போதெல்லாம் தாய் ஒரு தடவை தொட வேண்டும், எண் கூடும். பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி அவளே செய்வித்த பக்கம். மேலே செங்கம்மாள் என்ற பெயர். போனை யாரும் தொடவில்லை. எண் ஒன்று கூடியது. பிறகு இன்னொன்று.

வெளியேறும் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினாள். எண் கூடியது. அதைக் கீழே போட்டுவிட்டுத் தன் போனை எடுத்தாள். ஆம்புலன்ஸ். சிவப்புப் பொத்தான். அவள் செய்ததிலேயே அவள் பெருமைப்பட்டது அதுதான். எழுதப்படிக்கத் தெரியாதவளும் ஒரே தொடலில் வண்டியை வரவழைத்துவிடலாம். அழுத்தினாள். திரை ஒருமுறை சுழன்று பதில் சொன்னது.

‘கவலை வேண்டாம், செங்கம்மாள். குழந்தை நலம். கடைசி அசைவு: இப்போது.’

பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அருணைக் கூப்பிட வேண்டும். பானுவைக் கூப்பிட வேண்டும். கத்த வேண்டும். போனின் வெளிச்சம் மங்கியது. அணைந்தது.

பாய் அந்தப் பக்கம் அழுந்தியது.

யாரோ உட்கார்ந்தார்கள். மெதுவாக, ஒரு கையை ஊன்றி, பாரம் சுமக்கிறவள் உட்காருவது போல. மூச்சு வாங்கும் சத்தம். தேங்காயெண்ணெய் வாசம். இவ்வளவு கிட்டத்தில்.

பானு இல்லை. ஸ்டீவன் இல்லை. உள்வாடகைக்கு வந்தவள் இல்லை. சந்தேகப்பட யாரும் மிச்சமில்லை.

ஒரு கை இருட்டில் ஹேமாவதியின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. பேக்கிங் வேலை செய்து காய்ப்பு ஏறிய கை. முரட்டுத்தனம் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆசையாகப் பிடிப்பார்களே, அப்படி இழுத்து, விம்மிப் புடைத்த ஒரு வயிற்றின் மேல் வைத்தது. தோல் சூடாக இருந்தது.

"எப்டி ஒதைக்குது பாரு."

உதைத்தது.

சின்னக் குதிகால். வலது விலாவுக்குக் கீழே. இத்தனை வாரமாக, சாப்பிட்டு முடித்தபின் அவள் காத்திருந்து காத்திருந்து வாங்கிக்கொண்ட அதே உதை. ஆயிரம் குழந்தைகளுக்கு நடுவில் விட்டாலும் அவளுக்குத் தெரியும்.

வெளியே கூட்ஸ் வண்டி நகர்ந்தது. கேட் திறக்கும் மணி அடித்தது. லாரிகள் உறுமிக் கிளம்பின. அருண்பாண்டியனின் பைக் சந்துக்குள் திரும்பி வாசலில் நிற்கும் சத்தம் கேட்டது. ஹேமா, ஹேமா என்று அவன் கதவைத் தட்டினான்.

மறுபடியும் உதைத்தது. ஹேமாவதி கையை எடுக்கவில்லை.